வானுக்குள் வீடு கட்டியவருக்கு

கேள்வி: ஐயா, நான் மல்லாவியில் இருக்கிறேன். போன போகம் நெல் விற்ற காசோடு லீசிங்கும் எடுத்து ஒரு பழைய டொல்பின் வான் வாங்கினேன். பின் இரண்டு வரிசை ஆசனங்களையும் கழற்றிவிட்டு, எங்கள் ஊர் ஓடாவியாரைக் கொண்டு ஒன்பது பிளைவூட் பலகையில் கட்டில், அலுமாரி, சமையல் மேசை எல்லாம் செய்துவிட்டேன். எரிவாயு அடுப்பு, கூரையில் நூறு லீற்றர் தண்ணீர்த் தாங்கி, சோலர் தகடு, இரண்டு பெரிய பற்றரி எல்லாம் பூட்டியாகிவிட்டது. பாரம் தாங்குவதற்குப் பின் வில்லில் ஒரு தகடு கூடுதலாகப் போட்டேன். நின்று நடக்க வசதியாகக் கூரையை வெட்டி உயர்த்தவும் எண்ணம். இந்த வான் பரிசோதனையில் தேறாது என்று ஒருவர் சொல்கிறார். தரகரிடம் ஒரு தொகையைக் கொடுத்தால் வாகனத்தைக் கொண்டுபோகாமலே கடதாசி வந்துவிடும் என்று இன்னொருவர் சொல்கிறார். யூலைக் கடைசியில் கனடாவிலிருந்து மாமா குடும்பம் வருகிறது. ஓகஸ்டில் மடுத் திருவிழாவுக்கு எல்லோரையும் இதில்தான் கூட்டிப்போக நினைத்திருக்கிறேன். பிறகு வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு வாடகைக்கும் விடலாம். படங்கள் இணைத்திருக்கிறேன். முதலில் எதைச் செய்வது?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

கூரையை இன்னும் வெட்டவில்லை என்று படங்களிலிருந்து தெரிகிறது. வெட்டாதீர்கள். லொறிக்கு அடியில் தனியாக ஒரு சட்டகம் ஓடும். அதன் மேல்தான் பெட்டி உட்காரும். உங்கள் வான் அப்படிப்பட்டதல்ல. தளம், பக்கத் தகரம், கூரைக்குக் குறுக்கே ஓடும் வளைவுகள் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் வாகனம் விறைப்பாக நிற்கிறது. நடுவில் நாலு வளைவை வெட்டி எடுத்தால், வீட்டின் வளையையும் கைமரத்தையும் உருவிவிட்டு ஓடுகளை மட்டும் திரும்பப் போட்டதுபோல் ஆகிவிடும். வாகனம் புரண்டால் உள்ளே இருப்பவர்களின் தலைக்கு மேல் தாங்குவதற்கு எதுவும் மிஞ்சாது. வெட்டிய வாயைச் சுற்றி இரும்புச் சட்டம் கட்டி, கணக்குப் பார்த்துச் செய்பவர்கள் உண்டு. அதற்கு வரைபடமும் அந்த வேலையில் பழகிய கையும் வேண்டும். நம் பக்கத்து இரும்பு ஒட்டுக் கடைகளில் உழவு இயந்திரப் பெட்டியை அழகாகச் செய்வார்கள். இது வேறு வேலை.

உயரம் கூடினால் காற்றும் வந்து சேரும். கச்சான் வீசும் மாதங்களில் ஆனையிறவில் இரண்டு பக்கமும் வெட்டவெளி. சங்குப்பிட்டிப் பாலத்திலும் அப்படித்தான். சாதாரண வானே அங்கே ஒரு பக்கம் இழுக்கும். கூரையை உயர்த்தி, அதற்கும் மேல் நூறு லீற்றர் தண்ணீரையும் ஏற்றினால் ஸ்டியரிங் பிடிப்பவருக்கு என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தரகர் விடயத்தை ஒரே பந்தியில் முடிக்கிறேன். வாகனத்தைப் பார்க்காமல் வரும் கடதாசியைப் பொலிஸ்காரர் ஒருவேளை ஏற்றுக்கொள்ளலாம். விபத்து நடந்த பிறகு நீதிமன்றமும் காப்புறுதிக் கொம்பனியும் வாகனத்தையே வந்து பார்ப்பார்கள். அன்று தரகர் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார். அந்தக் காசுக்கு நல்ல டயர் இரண்டு வாங்கலாம்.

இனிப் பரிசோதனைக்கு வருகிறேன். கட்டிலும் அலுமாரியும் வைத்ததற்காக எந்தப் பரிசோதகரும் ஒரு வாகனத்தைத் தள்ளுவதில்லை. அவர் கையில் உங்கள் பதிவுப் புத்தகம் இருக்கும். அதில் வாகன வகுப்பு, உடலமைப்பு, ஆசன எண்ணிக்கை, வெற்று நிறை, சேசிஸ் இலக்கம், எஞ்சின் இலக்கம் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. முன்னால் நிற்கும் வாகனம் அந்தப் புத்தகத்தில் உள்ளதுதானா என்று முதலில் பார்ப்பார். பிறகு, மாற்றிய பின்பும் இது நேராக ஓடுமா, நிறுத்தினால் நிற்குமா, ஆபத்தென்றால் உள்ளே இருப்பவர் வெளியே வர முடியுமா என்று பார்ப்பார். லொறிக்கும் பஸ்ஸுக்கும் ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் எடுப்பதை அறிவீர்கள். ஆசனங்களைக் கழற்றி உடலமைப்பை மாற்றியதால், உங்கள் வானும் இப்போது பரிசோதகர் முன் நிற்க வேண்டியதாகிவிட்டது. பதிவில் உள்ள விபரங்கள் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்திக்கொள்வது உரிமையாளரின் கடமை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அந்தப் பொறுப்பை உங்கள் தலையில்தான் வைக்கிறது, ஓடாவியாரின் தலையில் அல்ல.

ஆகவே முதல் வேலை வாகனத்தை நிறுப்பது. கராஜுக்கும் அலுவலகத்துக்கும் அதன் பிறகு போகலாம்.

நெல் லொறியை அப்படியே ஏற்றி நிறுக்கும் தராசு உள்ள அரிசி ஆலை எது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. டீசல் தாங்கி நிறைய, தண்ணீர் நிறைய, காஸ் சிலிண்டரோடு, பயணத்தில் வரப்போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு போங்கள். முதலில் முழு வானையும் நிறுங்கள். பிறகு முன் சில்லுகள் மட்டும் தராசில் நிற்கும்படி ஒரு தடவை, பின் சில்லுகள் மட்டும் நிற்கும்படி ஒரு தடவை. மூன்று சீட்டுகளையும் வாங்கிக் கவனமாக வையுங்கள். பின்னர் ஆட்களை இறக்கி, தண்ணீரை வடித்து, வெற்று நிறையையும் எடுங்கள். புத்தகத்தில் திருத்த வேண்டி வரும் எண் அதுதான்.

தராசுக்குப் போகுமுன் ஒரு கணக்குச் சொல்கிறேன். எட்டுக்கு நாலு அடி, 18 மில்லிமீற்றர் பிளைவூட் பலகை ஒன்று ஏறத்தாழ 30 கிலோ வரும். ஒன்பது பலகைக்கு 270 கிலோ. தண்ணீர் 100 கிலோ. பெரிய ஈயப் பற்றரி ஒன்று 30 கிலோவுக்குக் குறையாது, இரண்டுக்கு 60. மொத்தம் 430 கிலோ. கழற்றிய ஆசனங்களைக் கழித்தாலும், ஐந்தாறு பெரிய மனிதர் எப்போதும் இறங்காமல் வானுக்குள் இருப்பதற்குச் சமம். அவர்களை வைத்துக்கொண்டுதான் மாமா குடும்பத்தையும் ஏற்றப்போகிறீர்கள்.

டயரின் பக்கத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அளவுக்குப் பிறகு 106/104 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். 106 என்றால் அந்த டயர் தனியாக நிற்கும்போது 950 கிலோ தாங்கும். 104 என்பது இரட்டைச் சில்லாகப் போட்டால் ஒவ்வொன்றும் தாங்கும் 900 கிலோ. உங்களுக்கு முதல் எண்தான் கணக்கு. கார் டயர் போட்டிருந்தால் அந்த எண் மிகக் குறைவாக இருக்கும், உடனே மாற்றிவிடுங்கள். அங்கேயே நாலு இலக்கம் ஒன்றும் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்த டயர். பாரம் ஏற்றிய வானின் முன் சில்லுக்கு ரீபில்ட் டயர் போடவே வேண்டாம். நம் வெயிலில் கொதிக்கும் தாரில் மேல்தோல் உரிந்து போனதை நான் பல தடவை பார்த்துவிட்டேன்.

நிறை கூடியிருந்தால் குறைப்பது கடினமல்ல. அலுமாரிக் கதவுகளை எடுத்துவிட்டுத் திரைச்சீலை போடுங்கள். மேசைக்கும் பக்கப் பலகைக்கும் 9 மில்லிமீற்றர் போதும். 18 மில்லிமீற்றர் பலகை கட்டிலின் தாங்குசட்டத்துக்கு மட்டும் இருக்கட்டும். தண்ணீர்த் தாங்கியைக் கூரையிலிருந்து இறக்கி, முன் பின் அச்சுகளுக்கு நடுவில், தளத்தோடு ஒட்டி வையுங்கள். 40 லீற்றர் போதும். மடுவிலும் தண்ணீர் கிடைக்கும், வட்டப்பளையிலும் கிடைக்கும்.

அடுத்து அந்த வில்லுத்தகடு. கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான். பின்பக்கம் தாழ்ந்தால் ஒரு தகடு போடுவது வன்னியில் வழமை. மணலும் கிறவலும் ஏற்றும் லொறிகளைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் இந்த வகை வான்கள் பலவற்றில் பின் அச்சுக்கும் உடலுக்கும் இடையில் ஒரு மெல்லிய கம்பியோ சுருள்வில்லோ இருக்கும். அதன் மேல்முனை பிரேக் எண்ணெய் போகும் ஒரு வால்வில் பூட்டப்பட்டிருக்கும். பாரம் ஏறி உடல் தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். உடல் உயர்ந்தால் வாகனம் வெறுமையாக இருப்பதாக எடுத்துக்கொண்டு அழுத்தத்தைக் குறைத்துவிடும். நீங்கள் தகடு போட்டு உடலை உயர்த்திவிட்டீர்கள். 430 கிலோ கூடியிருக்கிறது. வால்வுக்கோ வான் வெறுமையாகத் தெரிகிறது. பின் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும், பாரம் முழுவதும் முன் பிரேக்கில் விழும். பிரேக் வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு அந்தக் கம்பி எங்கே நிற்கிறது என்று பார்த்து, நிறையைக் குறைத்த பின் கூடுதல் தகட்டைக் கழற்றி, பழைய அளவுக்கே கொண்டுவாருங்கள். கைப்பிரேக்கையும் பாருங்கள். நம் பக்கம் சமதரை, கைப்பிரேக் பழுதானது வருடக்கணக்கில் தெரியாமலே போகும். முழுப் பாரத்தோடு, ஆளில்லாத நேரத்தில் குளக்கட்டு ஏறும் சரிவில் நிறுத்தி, முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, ஆசனத்தில் இருந்தபடியே பிரேக் மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்துப் பாருங்கள். உருண்டால் உடனே மிதியுங்கள்.

நாலாவது படத்துக்கு வருகிறேன். சமையல் மேசைக்கு எதிரே பக்கவாட்டில் ஒரு நீள வாங்கு. மூன்று பேர் இருக்கலாம், அழகான மெத்தை. அதன் காலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு எல் வடிவத் தகடு. தளப் பலகைக்குள் மட்டும் இறங்கிய நாலு மரத் திருகாணி. தளத்துத் தகரத்தை அந்தத் திருகாணிகள் தொடவே இல்லை. முன்பு ஒருவர் இப்படிச் செய்த வாங்கொன்றைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு கையாலும் பிடித்து ஒரு தடவை உலுப்பினேன். பலகைத் தூளோடு கையில் வந்தது. 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் எதிலாவது மோதி நின்றால், உள்ளே பிடிப்பில்லாமல் இருப்பவர் 10 மீற்றர் உயரத் தென்னையிலிருந்து விழுவதற்குச் சமமான அடியை வாங்குகிறார். ஏ-9 வீதியில் இரவில் மாடு படுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். கட்டிலில் பிள்ளைகளைப் படுக்கவைத்துக்கொண்டு ஓடலாம் என்று நினைத்திருந்தால், தயவுசெய்து அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். ஓடும்போது கட்டில் வெறுமையாக இருக்க வேண்டும்.

கழற்றிய ஆசனங்களை விற்றுவிட்டீர்களா? விற்காவிட்டால் அதில் ஒரு வரிசையைத் திரும்பப் பூட்டுங்கள். தொழிற்சாலை விட்ட அதே துளைகளில், அதே தடித்த தகட்டில், முன்னோக்கியபடி. போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். வெறும் தலையோடு வரும் போல்ட் கதவுக்கும் வேலிக்கும் ஆகும், ஆசனத்துக்கு ஆகாது. ஆசனப்பட்டி இல்லாத இடத்தில் புதிதாகப் பூட்டுவதென்றால், தகரத்தில் துளையிட்டு நட்டு முறுக்கினால் மட்டும் போதாது. தளத்துக்கு அடியில் அகலமான இரும்புத் தகடு கொடுத்து அதில் பூட்ட வேண்டும். முன் ஆசனங்களோடு சேர்த்து எத்தனை பேர் பட்டி கட்டி முன்னோக்கி உட்கார முடியுமோ, அந்த எண்ணைத்தான் புத்தகத்தில் ஆசன எண்ணிக்கையாகத் திருத்தக் கேளுங்கள். வானை நிறுத்திய பிறகு சாப்பிட இருப்பதற்கு மட்டும் வாங்கை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதையும் தளத்தோடு போல்ட்டில் பூட்டுங்கள்; வெறும் வாங்கும் பறந்து வந்து கழுத்தில் அடிக்கும்.

எரிவாயுவைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை என்று நினைத்தேன். 2021 கடைசியில் நாடெங்கும் குசினிகளில் அடுப்பும் சிலிண்டரும் வெடித்ததை எல்லோரும் பார்த்தோம். ஆனால் உங்கள் படத்தில் சிலிண்டர் கட்டிலின் கீழ், பற்றரிகளோடு ஒரே அறையில் இருக்கிறது. காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர்போல் தளத்தில் பரந்து நிற்கும். பற்றரி மின்னேறும்போது வரும் வாயு இலேசானது, அது மேலே போய்ச் சேரும். இரண்டும் எரியக்கூடியவை, அவற்றுக்கு மேல் நீங்கள் நித்திரை கொள்ளப்போகிறீர்கள். சிலிண்டருக்கு வெளியிலிருந்து மட்டும் திறக்கும் ஒரு பெட்டி செய்யுங்கள். உள்பக்கம் ஒரு ஊசித் துளையும் இருக்கக் கூடாது. பெட்டியின் அடித்தளத்தில் கீழ்நோக்கி ஒரு துளை விட்டால் கசிவது நிலத்துக்குப் போய்விடும். அந்தத் துளை புகைக்குழாய்க்கு மேலே வரக் கூடாது. 12.5 கிலோ சிலிண்டர் வேண்டாம், 2.3 கிலோவோ 5 கிலோவோ போதும். நிமிர்ந்து நிற்கும்படி பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள். புதுக் குழாயும் புது ரெகுலேற்றரும் போட்டு, சவர்க்கார நுரையைத் தூரிகையால் ஒவ்வொரு பூட்டிலும் தடவிப் பாருங்கள். ஒரு குமிழி எழுந்தாலும் அன்று அடுப்பில்லை. பற்றரிகளைத் தனிப் பெட்டியில் அடைத்து, அதன் மேற்பக்கத்திலிருந்து வெளியே ஒரு குழாய் விடுங்கள்.

அவற்றிலிருந்து வரும் வயர் தளத்துத் தகரத்தில் போட்ட துளை வழியாக வெறுமனே போகிறது. கிறவல் வீதியில் ஒரு மாதம் ஓடினால் தகரத்தின் விளிம்பு கத்திபோல் அந்த உறையை அறுத்துவிடும். துளைக்கு இறப்பர் வளையம் போடுங்கள். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். உங்கள் பியூஸ் மறுமுனையில், இன்வேர்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இடையில் உள்ள வயர் தகரத்தில் பட்டால் அதைக் காக்க எதுவுமில்லை. 600 வாட்ஸ் இன்வேர்ட்டர் 12 வோல்ட்டில் 50 அம்பியர் இழுக்கும். வீட்டு மின்விளக்குக்கு இழுக்கும் வயர் அதற்குத் தாங்காது.

தளத்தில் போட்ட மற்றத் துளைகளையும், கழிவு நீருக்கு விட்டது உட்பட, நன்றாக அடையுங்கள். எஞ்சின் புகை அவற்றின் வழியே உள்ளே வரும், அதிலுள்ள நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை. குளிரூட்டிக்காக எஞ்சினை ஓடவிட்டு உள்ளே ஒருபோதும் படுக்காதீர்கள். சமைக்கும்போது கதவு திறந்திருக்கட்டும்.

அலுமாரி பக்கக் கதவில் பாதியை மறைத்திருக்கிறது. அதை ஓடாவியார் நகர்த்தித்தான் ஆக வேண்டும். பின்கதவை உள்ளிருந்து திறக்க ஒரு கைப்பிடி பூட்டுங்கள். பல வான்களில் அது இருப்பதில்லை. கதவோரம் ஒரு தீயணைப்புச் சிலிண்டர். பின்னால் ஏணி பூட்டினால் இலக்கத்தகட்டையும் விளக்கையும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடதாசி வேலையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள். லீசிங்கில் எடுத்த வாகனம் என்பதால் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கொம்பனியின் பெயர் இருக்கும். அவர்களின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் திருத்தம் நகராது. அதை இப்போதே கேளுங்கள். பிறகு வானைக் கொண்டுபோகாமல், மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கடதாசிகளோடு மட்டும் ஒரு தடவை போங்கள். பதிவுப் புத்தகத்தின் பிரதி, தராசுச் சீட்டுகள், நீள அகல உயரத்தோடு கையால் கீறிய ஒரு படம், முன்னைய நிலையையும் இன்றைய நிலையையும் காட்டும் புகைப்படங்கள், பொருட்கள் வாங்கிய பற்றுச்சீட்டுகள் போதும். எந்த வகுப்பில், எந்த உடலமைப்பில், எத்தனை ஆசனத்தோடு ஏற்பார்கள், பரிசோதனை எங்கே, என்ன கட்டணம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வதைப் பார்த்து மிச்ச வேலையைச் செய்தால் ஒரு பலகையும் வீணாகாது. வேலை முடித்த பிறகு கேட்கப் போய், செய்ததை உடைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

காப்புறுதிக் கொம்பனிக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவியுங்கள். சொல்லாமல் விட்டால் இழப்பீடு கேட்கும் நாளில் அதையே காரணமாகக் காட்டுவார்கள். வாடகைக்கு விடுவதென்றால் சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதி செல்லாது, அதற்கென்று வேறாக எடுக்க வேண்டும். புகைப் பரிசோதனை வருமான அனுமதிப்பத்திரத்துக்கு ஒவ்வொரு வருடமும் செய்வதுதான். காற்று வடிகட்டியை மாற்றி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு போங்கள்.

பரிசோதனைக்குப் போகும் அன்று வானின் அடிப்பக்கத்தைக் கழுவிக்கொண்டு போங்கள். சேசிஸ் இலக்கத்தின் மேல் உள்ள செம்மண்ணைத் துணியால் துடைத்து, எண் தெளிவாகத் தெரிய வையுங்கள். சுரண்டவோ அதன் மேல் வர்ணம் பூசவோ வேண்டாம். கட்டிலின் அடிப்பலகையைத் திருகாணி தளர்த்தி வையுங்கள், ஆசன போல்ட்டுகளைக் கேட்டவுடன் காட்டலாம். எதையும் மறைக்காமல் நீங்களே முதலில் காட்டினால் பரிசோதகர் வேலை தெரிந்த மனிதராக உங்களோடு பேசுவார். எதைத் திருத்த வேண்டும் என்பதையும் சொல்லுவார். ஒரு தடவையில் தேறாவிட்டால் அவர் எழுதித் தந்ததை மட்டும் செய்துகொண்டு திரும்பப் போங்கள்.

மடுத் திருவிழாவுக்கு இந்த வான் தயாராகாது. ஓகஸ்ட் 15க்குள் இவ்வளவையும் அவசரமாகச் செய்ய நீங்கள் முயல்வதையும் நான் விரும்பவில்லை. மாமா குடும்பத்தை வேறொரு வானில், எல்லோரும் ஆசனத்தில் இருக்கும்படி கூட்டிப்போங்கள். அடுப்பையும் பாய்களையும் எடுத்துக்கொண்டு, காட்டோரம் மரநிழலில் எல்லோரையும்போல் கூடாரம் அடித்துத் தங்குங்கள். தராசுச் சீட்டுகள் கையில் வந்ததும் அவற்றின் படத்தையும், பின் அச்சுக்கு மேலுள்ள அந்தக் கம்பியின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். வில்லுத்தகட்டைக் கழற்றுமுன் பார்த்துச் சொல்கிறேன்.